பெண்ணாள் கூலி: கடிதமும் பதிலும்

வணக்கம்.

மன்னார்குடிப் பக்கம் ஆறு ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறேன். விவசாயக் கூலிப் பெண்களின் நிலை மோசம் என்று நீங்கள் எழுதியது இன்றைய நிலவரத்துக்குப் பொருந்தவில்லை. எங்கள் ஊரில் பெண்ணாளுக்கு 350 ரூபாய், டீ, வடை. ஒரு மணிக்குக் கரையேறிவிடுகிறார்கள். அதற்கும் ஆள் கிடைப்பதில்லை. வரும் சம்பாவுக்கு நடவு மிஷினுக்கு மாறப் போகிறேன். அவர்களுக்கு இதில் என்ன குறை?

வ.

அன்புள்ள வ. அவர்களுக்கு,

350 ரூபாய் ஒரு நாளின் விலை. வருஷத்துக்கு அப்படி எத்தனை நாள்? உங்கள் வயலையே எடுத்துக்கொள்வோம்.

கைநடவுக்கு ஏக்கருக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து பெண்கள் வேண்டும். இருபதாம் நாளையொட்டி ஒரு களை, நாற்பதையொட்டி மறு களை; புல் மண்டிய வயலென்றால் ஒவ்வொன்றுக்கும் பத்துப் பேர். பிறகு அறுப்பு. இப்போது மேட்டூர்த் தண்ணீர் தாமதமானால் பலர் நேரடி விதைப்புக்குப் போய்விடுகிறார்கள். அந்த வருஷம் நடவே கிடையாது. விதைத்த 15, 20 நாளில் பிஸ்பைரிபாக் சோடியம் என்ற களைக்கொல்லி ஏக்கருக்கு 100 மில்லி. முதுகில் டாங்க் மாட்டிய ஓர் ஆண் அரை நாளில் அடித்துவிடுவார், பத்துப் பெண்களின் களை வேலை அதோடு சரி. அறுப்பை பெல்ட் மிஷின் பார்த்துக்கொள்கிறது. களத்தில் நெல்லாக அளந்த கூலியும் அதோடு போயிற்று. அந்த நெல் சில மாதச் சாப்பாடு. மிஷின் வைக்கோல் நொறுங்கிக் கிடக்கும், மாடு அவ்வளவாகத் தின்பதில்லை. ஒற்றை மாடு வைத்திருக்கும் பெண்ணுக்கு இதுவும் நஷ்டம்தான்.

மிச்சம்: அறுப்பு முடிந்த வயலில் உளுந்து பிடுங்குதல், திருவாரூர்ப் பக்கம் கோடைப் பருத்தி எடுத்தல். பருத்திக்குக் கிலோ கணக்கில் கூலி, ஆகவே செடி காய்ந்த பிறகு எடுக்கப் போகிறவருக்கு நாள் முழுக்க வேலை, பாதிக் காசு. இடைப்பட்ட மாதங்களில் குழுக் கடனுக்கு வாரத் தவணை நிற்பதில்லை.

ஒரு மணிக்குக் கரையேறுவதைக் குறையாகச் சொல்கிறீர்கள். காலை ஏழுக்கு இறங்கினால் ஆறு மணி நேரம், சேற்றில், குனிந்தபடியே. அதே ஊரில் வரப்பு வெட்டும் ஆணுக்குக் கூலி எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. சம வேலைக்குச் சம ஊதியம் என்ற சட்டம் 1976-இல் வந்தது. வயலில் அது நுழையாமல் போனதற்குக் காரணம், ஆண் வேலை, பெண் வேலை என்று வேலையையே பிரித்து வைத்திருப்பது. நாற்றுப் பறிப்பது ஆண், நடுவது பெண். வேலை வேறு, கூலி வேறு. இந்தப் பிரிவினை எவ்வளவு பொய் என்பதை மேற்கு வங்கத்திலிருந்து வரும் நடவு ஆட்கள் காட்டிவிட்டார்கள். அவர்கள் ஆண்கள். நாற்றுப் பறிப்பும் நடவும் சேர்த்து ஏக்கருக்கு இவ்வளவு என்று காண்ட்ராக்ட் பேசுகிறார்கள், நீங்களும் கொடுக்கிறீர்கள். உள்ளூர்ப் பெண்கள் கூட்டாக வந்து அதே ஏக்கர்க் கணக்கைக் கேட்டால் ‘பேராசை’ என்கிறோம்.

மிஷின் நடவு வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பாய் நாற்றங்கால் (தட்டுகளில் பாய் போல வளர்க்கும் நாற்று) வேண்டுமே, அதை உங்கள் தெருப் பெண்களிடம் விடுங்கள். ஏக்கருக்கு 80 முதல் 100 தட்டு, 15 முதல் 20 கிலோ விதை. முன்பணம் கொடுத்து, தட்டுக்கு இவ்வளவு என்று பேசுங்கள். கெடுவது இரண்டு இடத்தில்: விதை சீராக விழாவிட்டால் மிஷின் போன பின் வயலில் பொக்கை விழும், நாற்று 18 நாளைத் தாண்டினால் வேர் பின்னி, மிஷின் பிடித்து எடுக்கும்போது நாற்று கிழியும். ஆகவே மிஷின்காரரிடம் தேதி வாங்கிய பிறகே விதையை ஊறப்போடச் சொல்லுங்கள். அவர் தேதி தள்ளி நாற்று முற்றினால் நஷ்டம் யாருடையது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். பேசாமல் விட்டால் அதுவும் அந்தப் பெண்கள் தலையில்தான் விழும்.