படம் அழகுதான், எடை எவ்வளவு? – நகை டிசைன் பற்றி வாசகர் கேள்வி-பதில்

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கோலம், மெஹந்தி, ஓவியம் எல்லாம் பிரமாதமாக வரும். நகை டிசைனர் ஆகப் போகிறேன் என்கிறாள். வரையத் தெரிந்தால் போதுமா? – திண்டுக்கல் வாசகி

கை நன்றாக ஓடுவது நல்ல தொடக்கம்தான் அம்மா, ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையில் நிற்க முடியாது. கடையிலிருந்து நகை டிசைன் செய்யும் எங்களுக்கு வரும் ஆர்டர் எப்படி இருக்கும் தெரியுமா? "பார்த்தால் ஐந்து பவுன் மாதிரி இருக்கணும், மூணு பவுனைத் தாண்டக் கூடாது." அவ்வளவுதான். மயில் வேண்டுமா மாங்காய் வேண்டுமா என்பதெல்லாம் அதற்கப்புறம்தான். அதனால் மகளை முதலில் எடையோடு பழகச் சொல்லுங்கள். தங்கத்தை உருக்கி வார்க்கும் காஸ்டிங் நகைக்கு முதலில் மெழுகில் மாதிரி எடுப்போம், அந்த மெழுகின் எடையைப் போல ஏறக்குறைய 18 மடங்கு 22 காரட் தங்கம் பிடிக்கும். அதாவது அரை கிராம் மெழுகு என்றால் நகை ஒரு பவுனைத் தாண்டிவிடும். மோதிரத்தின் கனத்தை 1.5 மில்லிமீட்டரிலிருந்து 1.3 ஆக்கினால் அந்தப் பகுதியில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் தங்கம் மிச்சம். ரொம்ப மெலிதாக்கினாலோ, வார்க்கும்போது தங்கம் அங்கே போய்ச் சேராது, பாலிஷ் போட்டால் இன்னும் தேயும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் டிசைனருக்குச் சம்பளம்.

ஒரு தோட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். திருகுக் கம்பியைச் சரியாக நடுவில் வைத்து வரைந்தால் காகிதத்தில் அம்சமாக இருக்கும், காதில் போட்டதும் முன்னால் கவிழ்ந்து தரையைப் பார்க்கும். கம்பி நடுவிலிருந்து கொஞ்சம் மேலே வர வேண்டும், கீழே ஜிமிக்கி தொங்குகிறது என்றால் இன்னும் மேலே. அப்புறம், ஹால்மார்க் முத்திரையும் ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகத் தரும், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்.யு.ஐ.டி. குறியீடும் லேசரில் பொறிக்க எங்காவது கொஞ்சம் வெற்று இடம் விட வேண்டும். முன்னும் பின்னும் ஒரு மில்லிமீட்டர் விடாமல் பூவேலை செய்து அனுப்பினால் பட்டறையில் உங்கள் மகளுக்கு நல்ல பெயர் கிடைக்காது! கல் வைக்கிறவர் கருவி எந்தப் பக்கமிருந்து போகும், பாலிஷ் பிரஷ் உள்ளே நுழையுமா, அம்மாவின் புடவையில் முனை மாட்டுமா என்று யோசிக்கிற பெண்ணாக இருந்தால் தாராளமாக அனுப்புங்கள்.

நாங்கள் பரம்பரைப் பத்தர் குடும்பம். நான் ஐ.டி.ஐ. முடித்திருக்கிறேன். அப்பாவின் பட்டறையில் வேலை குறைந்துவிட்டது. கம்ப்யூட்டர் டிசைன் கற்றால் பிழைத்துக்கொள்ளலாமா? – கும்பகோணம் வாசகர்

தம்பி, மேலே உள்ள பதிலில் நான் சொன்ன பாதி விஷயம் உங்களுக்குச் சின்ன வயதிலேயே தெரிந்திருக்கும். அதைப் பணம் கட்டிக் கற்க ஊரே அலைகிறது. மீதிப் பாதிக்கு, கம்ப்யூட்டரில் 3டி வடிவம் வரையும் ரைனோ சாஃப்ட்வேர், அதன்மேல் நகைக்கென்றே இருக்கிற மேட்ரிக்ஸ்கோல்டு இரண்டையும் கற்றுக்கொள்ளுங்கள். லட்சுமி, அன்னம், யாளி என்று உருவங்கள் வரும் கோவில் நகைகளுக்கு இசட்பிரஷ் வேண்டும், களிமண்ணைப் பிசைவது போலத் திரையிலேயே உருவம் பிடிக்கலாம். அந்த ஃபைலை 3டி பிரின்டரில் மெழுகாக எடுத்து, சூடு தாங்கும் பிளாஸ்டர் மாவுக் குழம்பில் புதைத்து, சூளையில் மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு தங்கத்தை வார்ப்பார்கள். கோவையில் இந்த வேலை நிறைய நடக்கிறது, போய் ஒரு வாரம் பாருங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், அப்பாவிடம் நகாசு வேலை இருந்தால் அதை விட்டுவிடாதீர்கள். தகட்டை அரக்கில் பதித்துச் சின்ன உளியால் தட்டித் தட்டி எழுப்பிய முகத்துக்கும் வார்ப்பில் வந்த முகத்துக்கும் வித்தியாசம் தெரிந்த வாடிக்கையாளர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்கள் கூலியில் பேரம் பேசுவதும் குறைவு.

பி.காம். முடித்து வேலையில் இருக்கிறேன், வயது 27. மூன்று மாத கோர்ஸ் என்று விளம்பரம் வருகிறதே, சேரலாமா? – சேலம் வாசகி

மூன்று மாதத்தில் ஒரு சாஃப்ட்வேரின் மெனுக்கள் பழகும், அவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டுப் படிக்க முடியும் என்றால் மும்பையில் இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் ஜெம்ஸ் அண்ட் ஜுவல்லரி மாதிரி முறையான இடங்கள் இருக்கின்றன. கற்களைப் பற்றி ஆழமாகப் படிக்க மும்பையில் ஜி.ஐ.ஏ. என்ற அமெரிக்க ரத்தினவியல் நிறுவனத்தின் கிளை இருக்கிறது, செலவு அதிகம். உள்ளூரில்தான் சேர வேண்டும் என்றால் பணம் கட்டுவதற்கு முன் நேரில் போய், மாணவர்கள் ராவி, ஊதி, பற்றவைத்துப் பழக பெஞ்ச் இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் கம்ப்யூட்டர் வரிசை மட்டும் இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

இன்டர்வியூவுக்கு 50 படங்கள் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். ஒரே நெக்லஸை 16 கிராமில், 24 கிராமில், 40 கிராமில் எப்படிச் செய்வேன் என்று மூன்று தாளில் காட்டுங்கள், எங்கே குறைத்தேன், ஏன் குறைத்தேன் என்று ஓரத்தில் எழுதி. நான் ஆள் எடுக்கும்போது இதைத்தான் தேடுகிறேன், இதுவரை அபூர்வமாகத்தான் கிடைத்திருக்கிறது. உங்கள் பி.காம். இங்கே வீண் போகாது. செய்கூலி, சேதாரம், கல் எடை கழிப்பது எல்லாம் கணக்குதானே.

ஏ.ஐ.யிடம் கேட்டால் நொடியில் பத்து ஆரம் வரைந்து தருகிறதே? – தஞ்சை வாசகர்

தரட்டும். அதைப் பெரிதாக்கிப் பாருங்கள். பாதிக் கல் எதையும் பிடிக்காமல் அந்தரத்தில் நிற்கும், கொக்கி எங்கே என்று தெரியாது, கழுத்தில் வளைய இணைப்பே இருக்காது. யோசனைக்கு நானும் பயன்படுத்துகிறேன்.

வீட்டிலிருந்தே டிசைன் போட்டு இன்ஸ்டாகிராமில் பதிவிடுகிறேன். அப்படியே காப்பி அடித்துவிடுகிறார்கள். தடுக்க வழி உண்டா? – மதுரை வாசகி

உண்டு, ஆனால் நீங்கள் செய்கிற வரிசையை மாற்ற வேண்டும். 2000-ஆம் ஆண்டின் டிசைன்ஸ் சட்டப்படி நகை வடிவத்தைப் பதிவு செய்யலாம். முதலில் 10 ஆண்டு உரிமை, பிறகு 5 ஆண்டு நீட்டிக்கலாம். வடிவம் புதியதாக இருக்க வேண்டும், ஏற்கனவே வெளியாகியிருக்கக் கூடாது. இன்ஸ்டாவில் போட்டுவிட்டு விண்ணப்பித்தால் அந்தப் பதிவே உங்களுக்கு எதிராக நிற்கும். எல்லாவற்றையும் பதிவு செய்யக் கட்டுப்படியாகாது, நன்றாக ஓடும் என்று தோன்றுகிற இரண்டு மூன்றை மட்டும் விண்ணப்பித்துவிட்டு அப்புறம் படம் போடுங்கள். மாங்காய் மாலை, காசு மாலை மாதிரி பாட்டி காலத்து வடிவங்களுக்கு யாரும் உரிமை கேட்க முடியாது, நீங்களும்தான். சம்பளத்துக்கு ஒரு கடைக்கு வரைந்து கொடுத்தால் பொதுவாக உரிமை கடைக்குப் போய்விடும், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படித்துவிடுங்கள்.