கோட்டோருக்குப் போகலாம், திரும்ப முடியாது

கேள்வி: நான், மனைவி, மகள், 68 வயது அம்மா என நால்வரும் மே மாதம் மதுரையிலிருந்து குரோஷியா போகிறோம். ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) கைக்கு வந்துவிட்டது. ஃபிராங்ஃபர்ட் வழியாக ஸ்பிளிட்டில் இறங்கி மூன்று நாள் தங்குகிறோம். பிறகு வாடகைக் காரில் துப்ரோவ்னிக் போய் அங்கே நான்கு நாள். திரும்பும் விமானமும் துப்ரோவ்னிக்கிலிருந்துதான். வரைபடத்தைப் பார்த்தால் இரண்டு ஊருக்கும் நடுவே போஸ்னியா குறுக்கிடுகிறது. ஒரு நாள் மொண்டெனேக்ரோவில் உள்ள கோட்டோர் கோட்டையைப் பார்த்துவிட்டு மாலையே திரும்பிவிடலாம் என்றும் ஆசை. ‘ஷெங்கன் விசா இருந்தா அங்க தனி விசா வேண்டாம் சார், தாராளமாப் போங்க’ என்கிறார் டிராவல் ஏஜெண்ட். நம்பலாமா? சிக்கல் வந்தால் அவரைப் பொறுப்பாக்க முடியுமா?

பதில்: ஏஜெண்ட் பொய் சொல்லவில்லை. போகிற வழிக்கான சட்டத்தைச் சொல்லியிருக்கிறார். திரும்புகிற வழிக்கான சட்டத்தை விட்டுவிட்டார்.

உங்கள் விசா ஸ்டிக்கரின் படத்தை இணைத்திருந்தீர்கள். அதில் கடைசித் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டு ‘இதுவரை செல்லும்’ என்று எழுதியும் இருந்தீர்கள். வட்டமிட்டிருக்க வேண்டியது வேறு கட்டம். ‘நம்பர் ஆஃப் என்ட்ரீஸ்’ என்ற தலைப்பின் கீழே ‘01’ என்று அச்சாகியிருக்கிறதே, அதுதான். ஷெங்கன் எல்லைக்குள் நீங்கள் ஒரே ஒரு முறைதான் நுழையலாம் என்று அதற்குப் பொருள். அந்த நுழைவை ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்திலேயே பயன்படுத்திவிடுவீர்கள். அங்கிருந்து ஸ்பிளிட் போவது உள்நாட்டுப் பயணம் மாதிரி. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் ஷெங்கனில் இருப்பதால் மறுபடி எல்லைச் சோதனை இல்லை. ஆனால் ஷெங்கனை விட்டு ஒரு மணி நேரம் வெளியே போனாலும் அந்த ‘01’ தீர்ந்தது. கடைசித் தேதிக்கு இன்னும் பத்து நாள் இருந்தாலும் பயனில்லை.

மற்ற மூவரின் பாஸ்போர்ட்டையும் எடுத்துப் பாருங்கள். ஒரே வீட்டுக்காரர்களுக்கே வேறுவேறு விதமாக விசா தருவது உண்டு. யாருக்காவது ‘மல்ட்’ (பலமுறை நுழையலாம்) என்று இருந்தால் அவர் மட்டும் போய் வரலாம். குடும்பத்துக்குள் சண்டைதான் மிஞ்சும்.

முதலில் ஸ்பிளிட்–துப்ரோவ்னிக் சாலை. நீங்கள் பயந்ததில் நியாயம் இருக்கிறது. நடுவில் நேயும் என்ற ஊரை ஒட்டி போஸ்னியா கடல்வரை நீண்டு, குரோஷியாவின் கரையை இரண்டாக வெட்டுகிறது. இதற்கு 300 வருடப் பழங்கதை ஒன்று உண்டு. துப்ரோவ்னிக் அன்றைக்குத் தனிக் குடியரசு. வெனிஸ்காரர்கள் தரைவழியாக வந்துவிடக்கூடாது என்று இடையில் இந்தத் துண்டு நிலத்தை ஆட்டோமான் துருக்கியரிடம் விட்டுக்கொடுத்தது. 1699 கார்லோவிட்ஸ் உடன்படிக்கையில் அது உறுதியானது. அவர்கள் வெனிஸுக்குப் போட்ட வேலி இன்று உங்கள் விசாவில் வந்து நிற்கிறது.

நல்லவேளையாக, 2022 ஜூலை 26 அன்று பெலியேஷாட்ஸ் பாலம் திறக்கப்பட்டது. 2.4 கிலோமீட்டர் நீளம். அதன் வழியாகப் போனால் குரோஷியாவை விட்டு வெளியேறாமலே துப்ரோவ்னிக் சேரலாம். காரின் வழிகாட்டி சில நிமிடம் மிச்சம் என்று நேயும் வழியைக் காட்டினால் கேட்காதீர்கள். போஸ்னியா தன் பங்குக்கு, பலமுறை நுழையும் ஷெங்கன் விசா வைத்திருப்பவரைத்தான் தனி விசா இல்லாமல் விடுகிறது. பஸ்ஸில் போவதானால், பாலம் வழியா நேயும் வழியா என்று கேட்டுவிட்டு டிக்கெட் எடுங்கள். துப்ரோவ்னிக்குக்கு ரயில் கிடையாது.

இப்போது கோட்டோர். செல்லுபடியாகும் ஷெங்கன் விசா வைத்திருப்பவரை மொண்டெனேக்ரோ 30 நாள்வரை தனி விசா இல்லாமல் அனுமதிக்கிறது. ஏஜெண்ட் சொன்னது இதைத்தான். சரி, போய்விட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். மாலை ஆறு மணிக்குக் குரோஷிய எல்லையில் உள்ள கரசோவிச்சி சாவடியில் நான்கு பாஸ்போர்ட்டையும் நீட்டுகிறீர்கள். பெட்டிகளும் அம்மாவின் சர்க்கரை மாத்திரையும் துப்ரோவ்னிக் ஹோட்டல் அறையில். அதிகாரி கணினியைப் பார்க்கிறார், ‘01’ பயன்படுத்தப்பட்டுவிட்டது. ஷெங்கன் எல்லைச் சட்டத்தின் 6-வது பிரிவு கேட்கும் செல்லுபடியான விசா உங்களிடம் இல்லை. 14-வது பிரிவின்படி காரணம் குறித்த படிவம் ஒன்றைக் கொடுத்துத் திருப்பி அனுப்புவார். மேல்முறையீடு செய்யலாம். ஆனால் அது முடியும்வரை உள்ளே விடமாட்டார்கள். எல்லையிலேயே விசா தருவது முன்கூட்டித் தெரிந்திருக்க முடியாத அவசரங்களுக்கு மட்டும். கோட்டை பார்க்கப் போனது அதில் சேராது.

‘முத்திரை குத்த மறந்துவிடுவார்கள், நண்பர் ஒருவர் போய் வந்தார்’ என்று யாராவது சொன்னால், அது பழைய காலம். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்துள்ள மின்னணுப் பதிவு முறையில் நுழைவும் வெளியேற்றமும் முகப்படத்தோடு பதிவாகின்றன.

கோட்டோர் வேண்டும் என்றே இருந்தால் இரண்டு வழி. ஒன்று, புதிதாக விண்ணப்பிப்பது. வந்த விசாவில் ‘01’-ஐ ‘02’ ஆக்கித் தரமாட்டார்கள். ஷெங்கன் விசாச் சட்டத்தின் 34-வது பிரிவின்படி விசா வைத்திருப்பவரே அதை ரத்து செய்யக் கேட்கலாம். அப்படிக் கேட்டுவிட்டு, புதிய விண்ணப்பத்தில் இரண்டு நுழைவு என்று குறித்து, கோட்டோர் பயணத்துக்கான ஆதாரத்தையும் வையுங்கள். கட்டணம் பெரியவர்களுக்கு மறுபடி 90 யூரோ. முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில சமயம் 45 நாள்வரை இழுக்கும். கையில் இருப்பதை விட்டுவிட்டு வராததற்குக் காத்திருக்கும் வேலை இது. ஒரு நாள் கோட்டைக்காக நான் செய்யமாட்டேன்.

இன்னொன்று, கோட்டோரைக் கடைசியில் வைப்பது. துப்ரோவ்னிக்கில் எல்லாம் முடித்து, பெட்டியோடு எல்லை தாண்டி, மொண்டெனேக்ரோவின் தலைநகர் போத்கொரிட்சாவிலிருந்து இஸ்தான்புல் வழியாக ஒரே டிக்கெட்டில் ஊர் திரும்பலாம். ஷெங்கன் விமான நிலையம் எதையும் தொடாதீர்கள். ஆனால் உங்கள் ஒரே நுழைவு தீர்ந்த நிமிடத்தில் அல்லவா மொண்டெனேக்ரோ சாவடியில் நிற்பீர்கள்? அந்த விசாவை ஏற்பார்களா என்று மொண்டெனேக்ரோ தூதரகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதில் வந்தபிறகு பணம் கட்டுங்கள். விசாவுக்காக எடுத்த மருத்துவக் காப்பீடு ஷெங்கனுக்கு வெளியே செல்லுமா என்பதையும், வாடகைக் காரை அந்த நாட்டுக்குள் கொண்டுபோக அனுமதி உண்டா என்பதையும் பாலிசியிலும் ஒப்பந்தத்திலும் பாருங்கள்.

இரண்டும் வேண்டாம் என்றால், பாலத்தைத் தாண்டித் துப்ரோவ்னிக் போகும் வழியிலேயே ஸ்தோன் என்ற ஊர் இருக்கிறது. 14-ஆம் நூற்றாண்டில் கட்டத் தொடங்கிய மதில், சுமார் ஐந்தரைக் கிலோமீட்டர், மலைமேல் ஏறி இறங்கும். விசாவுக்கு வேலையே இல்லை.

ஏஜெண்ட் விஷயம். பணம் வாங்கிக்கொண்டு தவறான பயண ஆலோசனை தருவது, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி சேவைக் குறைபாடு. இழப்பு ஏற்பட்டால், நீங்கள் வசிக்கும் மதுரையிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகார்க் கட்டணம் இல்லை. ‘தாராளமாப் போங்க’ என்பது வாயால் சொன்னதா, வாட்ஸ்அப் குரல் பதிவா? பதிவு என்றால் அழிக்காதீர்கள். வாயால் என்றால், ‘எங்கள் விசா ஒருமுறை நுழைவுதான், கோட்டோர் போய்த் துப்ரோவ்னிக் திரும்ப முடியுமா?’ என்று இன்றே எழுதிக் கேளுங்கள். பெரும்பாலும் அந்த ஒரு வரியிலேயே அவர் பதிலை மாற்றிக்கொள்வார்.

அப்புறம் ஒன்று. இந்தப் பதிலைப் படித்த பிறகும் கிளம்பிப் போய் எல்லையில் மாட்டினால், ‘எனக்குத் தெரியாது, ஏஜெண்டை நம்பினேன்’ என்று ஆணையத்தில் சொல்ல உங்களால் முடியாது.