மேலே செம்மண், கீழே கரிசல்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: லேஅவுட்டில் 5 சென்ட் வாங்கினோம். நோட்டீசில் 'அருமையான செம்மண் பூமி' என்று போட்டிருந்தார்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினால் 2 அடிக்குக் கீழே ஒரே கரிசல். கேட்டால், 'மண்ணுக்கெல்லாம் கேரண்டி கிடையாது' என்கிறார் புரமோட்டர்.
— வாசகி, கோவில்பட்டி

பதில்: உங்கள் மேல் தப்பே இல்லை அம்மா. மனை பார்க்கப் போகிறவர் கடப்பாரையோடா போவார்?

பள்ளத்தை உடனே மூடிவிடாதீர்கள். டேப்பைத் தொங்கவிட்டு, பக்கச் சுவர் தெரியும்படி போட்டோ எடுங்கள். மேலே இருப்பது கொட்டிய மண் என்றால் செம்மண்ணும் கரிசலும் சேருமிடம் பெரும்பாலும் கோடு கிழித்த மாதிரி இருக்கும். அந்தக் கோட்டில் பழைய புல் வேரோ பருத்திமாரோ கிடந்தால் அதைவிடச் சாட்சி வேண்டாம். நோட்டீசையும் பத்திரப்படுத்துங்கள். விளம்பரத்தில் தவறான தகவலை நம்பிப் பணம் கட்டி நஷ்டப்பட்டவருக்கு இழப்பீடு உண்டு என்கிறது 2016-ஆம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-வது பிரிவு. லேஅவுட்டுக்கு ரெரா (அந்தச் சட்டப்படி அமைந்த ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். 2 வருடத்துக்குள் போக வேண்டும், வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம்.

அடுத்து வீடு. கரிசல் மழையில் வீங்கும், கோடையில் கை நுழைகிற அளவுக்குப் பிளக்கும். எவ்வளவு வீங்கும் என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. காய்ந்த மண்ணைப் பொடித்து நன்றாகச் சலித்து, 10 கிராம் வீதம் இரண்டு 100 மில்லி அளவு ஜாடிகளில் போடுவார்கள். ஒன்றில் தண்ணீர், மற்றதில் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெயில் மண் வீங்காது. 24 மணி நேரம் கழித்து மண்ணெண்ணெயில் 10 மில்லி, தண்ணீரில் 18 மில்லி என்றால் வீக்கம் 80 சதவீதம். 50-ஐத் தாண்டினாலே மேஸ்திரி சொல்லும் சாதா ஃபூட்டிங்கை (தூணுக்கு அடியில் போடும் அகலமான கான்கிரீட் பாதம்) நிறுத்திவிட்டு இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள். அவர் அண்டர்ரீம் பைல் சொல்லக்கூடும். அடியில் குமிழ் வைத்த தூண் அது; வெயிலும் மழையும் எட்டாத ஆழத்துக்கு, வழக்கமாக 3.5 மீட்டராவது இறக்குவார்கள். செலவு கூடும்தான். அந்தக் கணக்கையும் புகாரில் சேருங்கள்.

கேள்வி: மண்வள அட்டையில் தழைச்சத்து நடுத்தரம் என்று வந்திருக்கிறது. இந்த மண்ணில் மாடி வீடு கட்டலாமா?
— வாசகர், திண்டிவனம்

பதில்: நெல் போடலாம்.

கேள்வி: பழைய நஞ்சையில் 4 அடி கிராவல் கொட்டி மேடாக்கியிருக்கிறோம். வானம் 4 அடி போதும் என்கிறார் கொத்தனார்.
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: எங்கிருந்து 4 அடி? கிராவலின் தலையிலிருந்து என்றால் உங்கள் ஃபூட்டிங் உட்காரப் போவது வயல் களிமண்ணின் மேல்தோலில். ஆழத்தைப் பழைய தரையிலிருந்து எண்ண வேண்டும், கெட்டியான மண் வரும்வரை போக வேண்டும்.

கிராவல் பேச்சு வந்ததால் என் கதை. கார் நிறுத்துமிடத்துக்கு 12 லோடு வாங்கினேன். வண்டிகள் வந்தது இருட்டின பிறகு. காலையில் பார்த்தால் பாதி ஓட்டுச் சில்லு, கிழிந்த சிமெண்ட் சாக்கு, ஒற்றைச் செருப்பு. பணம் கொடுத்தாகிவிட்டதே என்று பரப்பி, தளமும் போட்டேன். இரண்டாவது மழைக்கு 2 அங்குலம் இறங்கியது. இந்த 'லோடு' என்கிற அளவே ஒரு மோசடி. ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. டிப்பருக்குள் டேப்பைப் போட்டு நீளம், அகலம், உயரம் அளக்க இரண்டு நிமிடம் ஆகாது. ஆனால் நாம் அளப்பதில்லை, டிரைவர் முகம் சுளிப்பார் என்று கூச்சம். அதிலும் உதிரியாக வரும் மண் தண்ணீர் விட்டு இடித்தால் அமுங்கும். 4 அடி நிரப்ப 4 அடிக் கணக்குக்கு வாங்கினால் போதாது. பகலில் இறக்கச் சொல்லுங்கள், அளந்த பிறகு பணம் கொடுங்கள்.

கேள்வி: ஃபூட்டிங் கான்கிரீட் போட்டு தூணும் எழுப்பியாச்சு. இப்போது மண் டெஸ்ட் எடுத்தால் பிரயோஜனம் உண்டா?
— வாசகர், திருப்பூர்

பதில்: கல்யாணம் முடிந்து ஜாதகம் பார்க்கிறீர்கள். சரி, மாடி போடுவதற்கு முன்பாவது எடுங்கள்.

கேள்வி: தோண்டிய மண்ணையே பேஸ்மெண்டுக்குள் கொட்டிவிடலாமா?
— வாசகி, காரைக்குடி

பதில்: மணல் கலந்த செம்மண் என்றால் தாராளமாக. அரையடிக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டு இடித்துக்கொண்டே வரவேண்டும். கரிசலோ ஒட்டும் களியோ என்றால் கூடாது, பின்னால் டைல்ஸைத் தூக்கிவிடும். ஜேசிபிக்காரரிடம் மேல் மண்ணையும் அடி மண்ணையும் தனித்தனிக் குவியலாகப் போடச் சொல்லுங்கள். கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.

கேள்வி: மண் டெஸ்டுக்குப் பணம் வாங்கினார்கள். யாரும் துளை போட்டதாகத் தெரியவில்லை, ஆனால் ரிப்போர்ட் வந்துவிட்டது.
— வாசகர், வேளச்சேரி

பதில்: ஏமாற்றியிருக்கிறார்கள். எந்த ஆழத்தில் என்ன மண், நிலத்தடி நீர் எத்தனை அடியில், எஸ்பிடி எண் எவ்வளவு என்று ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். 63.5 கிலோ சுத்தியலை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை தடவை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவதுதான் எஸ்பிடி. தெருவே கேட்கும் அந்தச் சத்தம். உங்களுக்குத் தெரியாமல் நடக்க வழியில்லை. துளை போட்ட போட்டோவும் மண் மாதிரியும் கேளுங்கள். தராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு போன் செய்து புகார் பதியுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 'சாயில் டெஸ்டர்' 700 ரூபாய்க்கு வருகிறதே, மண்ணில் குத்தினால் போதுமாம்?
— வாசகர், சேலம்

பதில்: அது செடிக்கானது. வாங்கின பிறகுதான் எனக்கும் தெரிந்தது. கறிவேப்பிலைத் தொட்டியில் செருகி வைத்திருக்கிறேன். மழையானாலும் வெயிலானாலும் முள் 7-லேயே நிற்கிறது.