பட்டறை பதில்கள்: ஃப்ளைவீலைக் கடைந்தால் பிக்கப் கூடுமா?

கேள்வி: என்னிடம் 2004 மாடல் மாருதி எஸ்டீம் இருக்கிறது. கிளட்ச் தேய்ந்துவிட்டதால் கியர்பாக்ஸை இறக்கப் போகிறோம். அப்படியே ஃப்ளைவீலையும் லேத்தில் கொடுத்து 2 கிலோ குறைத்துவிட்டால் பிக்கப் பறக்கும், மைலேஜும் கூடும் என்கிறார் நண்பர். வாரம் ஒருமுறை குடும்பத்தோடு கோத்தகிரி போய் வருவேன். செய்யலாமா?
- வாசகர், மேட்டுப்பாளையம்

பதில்: கோத்தகிரி என்று பார்த்தவுடனே ‘வேண்டாம்’ என்று எழுதிவிட்டு அடுத்த கடிதத்தைப் பிரித்திருப்பேன். ஆனால் உங்கள் நண்பர் சொல்வதில் பாதி நிஜம். அதை மறைத்தால் மனிதர் நேரே பட்டறைக்கே சண்டைக்கு வந்துவிடுவார்.

ஃப்ளைவீல் என்பது இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் சுழலும் கனமான இரும்புச் சக்கரம், குயவர் சக்கரம் மாதிரி. நான்கு சிலிண்டர் இன்ஜினில் கிராங்க் (இன்ஜினின் சுழலும் தண்டு) ஒரு சுற்று வருவதற்குள் இரண்டே வெடிப்புதான். இடையில் வண்டி முக்காமல் இருப்பது இந்தச் சக்கரம் சேர்த்து வைத்திருக்கும் ஓட்டத்தால். ஆக்சிலேட்டரை மிதித்தால், காரைத் தள்ளுகிற இன்ஜின் இந்த இரும்பையும் சேர்த்து வேகமாகச் சுழற்ற வேண்டும். கனம் குறைந்தால் அந்தப் பாடு குறையும். அவ்வளவுதான், குதிரைசக்தி ஒன்றுகூட ஏறாது.

எவ்வளவு மிச்சம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். மையத்திலிருந்து 11 செ.மீ. தள்ளி, விளிம்பில் 2 கிலோ எடுத்ததாக வைத்துக்கொள்வோம். உங்கள் வண்டி மாதிரி ஒன்றில் முதல் கியரில் சக்கரம் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் ஏறக்குறைய 14 சுற்று சுற்றும். அந்த 14-ஐ வர்க்கம் எடுக்க வேண்டியிருப்பதால், முதல் கியரில் காரிலிருந்து சுமார் 60 கிலோ ஆள் ஒருவர் இறங்கின மாதிரி இருக்கும். இரண்டாவதில் அது 20 கிலோவுக்கும் கீழே. ஐந்தாவதில் 3 கிலோ, ஒரு சின்ன அரிசிப் பை! சிக்னலில் கிளம்பும்போது நண்பருக்குத் தெரிகிற அந்தத் துள்ளல், அவிநாசி ரோட்டில் ஐந்தாவது கியரில் போகும்போது காணாமல் போவது இதனால்தான். சீரான வேகத்தில் ஓடுகிற வண்டிக்குக் கனமான ஃப்ளைவீலும் ஒன்றுதான், லேசானதும் ஒன்றுதான். மைலேஜை மறந்துவிடுங்கள்.

இனி என் கதை. 1990-களில் இருங்காட்டுக்கோட்டை பந்தயப் பாதையில் ஒரு ரவுண்டாவது ஓட்டிவிட வேண்டும் என்ற பித்தில், என் சொந்த மாருதி 800-இன் ஃப்ளைவீலை நானே லேத்தில் ஏற்றினேன். மூன்று சிலிண்டர் வண்டி, சுற்றுக்கு ஒன்றரை வெடிப்பு. அதற்குத்தான் ஃப்ளைவீலின் தயவு அதிகம் வேண்டும். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. பட்டறையில் நிறுத்தி ஆக்சிலேட்டரைத் தட்டினால் இன்ஜின் ‘விர்’ரென்று ஏறி, அதே வேகத்தில் விழுந்தது. பூரித்துப் போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டம்மாவோடு குன்னூர் ஏறினோம். ஒரு கொண்டை ஊசி வளைவில் முன்னால் பஸ் நின்றுவிட்டது. பாதி கிளட்ச்சில் நகர்த்தினேன், இன்ஜின் நின்றுவிட்டது. மறுபடி சாவி, மறுபடி நின்றது. மூன்றாவது தடவை இன்ஜினை அலறவிட்டு எடுத்தபோது கிளட்ச் தீய்ந்த நாற்றம் வண்டிக்குள் நிறைந்தது. “வேகமாப் போறதுக்குன்னு தானேங்க செஞ்சீங்க? இது போகவே மாட்டேங்குதே” என்றாள். ஐட்லிங்கை, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுற்றும் வேகத்தை, ஏற்றி வைத்துச் சில வாரம் சமாளித்துப் பார்த்தேன். கியர் மாற்றுகிற இடைவெளியில் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று என்ற இன்ஜின் வேகம்) தடாலென்று விழுவதால் ஏற்றத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குலுக்கல். கடைசியில் உக்கடம் பழைய சாமான் கடையில் ஒரிஜினல் ஒன்றைத் தேடி வாங்கி மாட்டினேன். பந்தயத்தில் இதெல்லாம் குறையே இல்லை, அங்கே இன்ஜினை யாரும் கீழே இறங்கவே விடுவதில்லை. உங்களுக்கோ ஏசியும் உண்டு, கம்ப்ரசர் ‘டக்’கென்று சேரும்போதெல்லாம் இன்ஜின் ஒரு முக்கு முக்கும்.

இன்னொன்றை நண்பரிடம் கட்டாயம் சொல்லுங்கள். கம்பெனி ஃப்ளைவீல் பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அமுக்கினால் தாங்கும், இழுத்தால் பிளக்கும். 24 செ.மீ. சக்கரம் 6000 ஆர்பிஎம்மில் சுற்றும்போது அதன் விளிம்பு மணிக்கு 270 கி.மீ. வேகத்தில் பறக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிய்த்துக்கொள்ளும் விசை நான்கு மடங்கு. கண்ட இடத்தில் கடைந்து மெலிந்த சக்கரம் சிதறினால், அதைச் சுற்றியிருக்கும் அலுமினியக் கூடு அதைப் பிடித்து வைக்காது. அதற்கு நேர் பின்னால்தான் உங்கள் கால் இருக்கிறது. லேசான ஃப்ளைவீல்தான் வேண்டும் என்றால், ஃபோர்ஜிங் ஸ்டீலில் செய்ததையோ, கிளட்ச் உரசும் இடத்தில் ஸ்டீல் தகடு பதித்த அலுமினியத்தையோ வாங்க வேண்டும். எஸ்எஃப்ஐ 1.1 என்ற முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். பந்தய ஃப்ளைவீல், கிளட்ச்சுக்கான பாதுகாப்புத் தரம் அது.

எப்படியும் கியர்பாக்ஸ் இறங்கப் போகிறது. அந்தக் கூலியை வீணாக்காதீர்கள். பழைய ஃப்ளைவீலின் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். நீலம் பாரித்த திட்டு இருந்தாலோ, நகம் வரியில் தட்டினாலோ லேத்தில் முகத்தை மட்டும் லேசாகச் சீவி மட்டமாக்கலாம். நீலத்துக்குள் முடி மாதிரி விரிசல் தெரிந்தால் சக்கரத்தையே மாற்றிவிடுங்கள். ரிலீஸ் பேரிங் (கிளட்ச்சை மிதிக்கும்போது அதை விடுவிக்கிற பேரிங்), கிராங்க்கின் பின்பக்க ஆயில் சீல் இரண்டும் புதிதாகப் போகட்டும். சில நூறு ரூபாய் சீலை மிச்சம் பிடித்து, ஆறு மாதத்தில் புது கிளட்ச் பிளேட்டை ஆயிலில் நனைத்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். போல்ட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பானர்) வைத்து முறுக்கச் சொல்லுங்கள். ‘கையே சொல்லும்ணே’ என்று சொல்கிற பையனிடம் வேண்டாம்.

கேள்வி: என் டீசல் காரில் டூயல் மாஸ் ஃப்ளைவீல் போய்விட்டது. விலை தாங்கவில்லை. லேசான சாதாரண ஃப்ளைவீல் போட்டுக்கொள்ளலாமா?
- வாசகர், தாராபுரம்

பதில்: உங்கள் ஃப்ளைவீல் இரண்டு தட்டு, நடுவில் ஸ்பிரிங். டீசல் வெடிப்பின் உதறலை அந்த ஸ்பிரிங் விழுங்கிக்கொள்கிறது. அதை எடுத்துவிட்டால் உதறல் நேரே கியர்பாக்ஸுக்குள் போகும். நியூட்ரலில் நிற்கும்போது கடகடவென்று சத்தம் கேட்கும், கிளட்ச்சை மிதித்தால் நின்றுவிடும். ஒற்றைத் தட்டுக்கு மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், உங்கள் மாடலுக்கென்றே ஸ்பிரிங் வைத்த கிளட்ச் பிளேட்டோடு செட்டாக வருவதை வாங்குங்கள். அதில் கனம் குறைந்ததைத் தேடாதீர்கள்.