மிஸ் வேர்ல்டும் மிஸ் யுனிவர்ஸும் ஒன்றா?

இல்லை. இரண்டையும் நடத்துவது வேறு வேறு அமைப்புகள். மிஸ் வேர்ல்டை 1951-ல் லண்டனில் எரிக் மோர்லி ஒரு பிகினிப் போட்டியாகத் தொடங்கினார். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் லாங் பீச்சில் ஒரு நீச்சலுடை நிறுவனம் மிஸ் யுனிவர்ஸை ஆரம்பித்தது.

இன்று மிஸ் வேர்ல்டில் நீச்சலுடைச் சுற்று கிடையாது. இறுதி நாளுக்கு முன்பே விளையாட்டு, தனித்திறமை, சமூகப்பணி என்று தனித்தனிச் சுற்றுகள் நடக்கும். அவற்றில் ஜெயிப்பவர் நேராக அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார். மிஸ் யுனிவர்ஸில் நீச்சலுடைச் சுற்று இன்னும் இருக்கிறது. மேடையில் நிற்கும் விதமும், கேட்ட கேள்விக்குச் சட்டென்று சொல்லும் பதிலும்தான் அங்கே பெரிதாகப் பேசப்படும்.

இரண்டுக்கும் ஒரே போட்டியிலிருந்து ஆள் போனதும் உண்டு. 1994 மிஸ் இந்தியா இறுதியில் சுஷ்மிதா சென்னும் ஐஸ்வர்யா ராயும் சம மதிப்பெண். நாட்டின் ஜவுளிப் பாரம்பரியம் பற்றிக் கேட்டபோது, காந்தியின் கதரிலிருந்து தொடங்கிப் பதில் சொன்ன சுஷ்மிதா வென்றார். அவர் மணிலாவில் மிஸ் யுனிவர்ஸ் ஆனார். ஐஸ்வர்யா தென்னாப்பிரிக்காவின் சன் சிட்டியில் மிஸ் வேர்ல்ட். ஒரே ஆண்டில் இரண்டு கிரீடமும் இந்தியாவுக்கு!

அப்புறம், தகுதி விதி. மிஸ் யுனிவர்ஸில் 2023 முதல் திருமணமானவர்களும் தாய்மார்களும் கலந்துகொள்ளலாம். 28 வயது என்றிருந்த உச்சவரம்பும் 2024-ல் போய்விட்டது. என்னைக் கேட்டால், இது எப்போதோ வந்திருக்க வேண்டிய மாற்றம்.