சேற்றுநீரில் இருந்த இரும்பு எங்கே போனது?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு முதுகலை மாணவி கேட்கிறார்: "கே.ஆர்.பி. அணைக் கரையோரச் சேற்றில் குழாயைச் செருகி, சிரிஞ்சால் நீர் இழுத்தேன். தெளிவாகத்தான் இருந்தது. பாட்டிலில் ஊற்றி, பஸ்ஸில் தர்மபுரிக்குக் கொண்டுபோய், மறுநாள் ஆய்வகத்தில் வடிகட்டி அளந்தால் இரும்பே இல்லை என்கிறது. கருவியில் கோளாறா?"

கருவியைத் திட்டாதீர்கள். பாட்டிலின் அடியைப் பார்த்தீர்களா? காவி நிறத்தில் மெல்லிய படிவு இருந்திருக்கும். நீங்கள் தேடிய இரும்பு அதுதான். வடிதாளோடு சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டீர்கள்.

சேற்றுக்குள் ஆக்சிஜன் இல்லை. அங்கே இரும்பு பெர்ரஸ் என்ற, நீரில் கரையும் வடிவில் கிடக்கும். காற்றுப் பட்டதும் பெர்ரிக் என்ற, எளிதில் கரையாத வடிவுக்கு மாறித் துருவாகப் படியும். பிஎச், அதாவது நீரின் அமில-கார அளவு, ஓர் அலகு ஏறினால் இந்த வேகம் சுமார் 100 மடங்கு கூடும். பிஎச் 6 என்றால் ஓரளவு தாங்கும். 7-ஐத் தாண்டினால் நிமிடக் கணக்குதான். பஸ் பாதி வழி போவதற்குள் கதை முடிந்துவிடும்.

அதனால் முக்கால்வாசி வேலை கரையிலேயே நடக்க வேண்டும். சிரிஞ்சில் குமிழி இல்லாமல் நீர் இழுங்கள். அதன் முனையிலேயே 0.45 மைக்ரான் வடிகட்டியை மாட்டி, முதல் சில மில்லியைக் கீழே விட்டுவிட்டு, மீதியை ஏற்கெனவே அமிலம் விட்டு வைத்த பிளாஸ்டிக் பாட்டிலில் இறக்குங்கள். பிஎச் 2-க்குக் கீழே இருக்கட்டும். வரிசை மாறவே கூடாது. வடிகட்டும் முன் அமிலம் விட்டால் சேற்றுத் துகளில் இருக்கும் இரும்பும் கரைந்து, கணக்கு எகிறிவிடும். எஃகு ஊசி வேண்டாம். இரும்பை அளக்கப் போகும்போது இரும்பையே கொண்டுபோவானேன்?

மொத்த இரும்பு மட்டும் போதுமென்றால் நைட்ரிக் அமிலம் சரி. பெர்ரஸ் தனியாக வேண்டுமென்றால் அது ஆகாது, பெர்ரஸை மாற்றிவிடும். அதற்கு ஹைட்ரோகுளோரிக். இன்னும் நல்லது, வடிகட்டிய துளிகளைக் கரையிலேயே பெர்ரஸோடு சேர்ந்து நிறம் தரும் ஃபெரோசின் கரைசலில் விடுவது. ஊதா நிறம் கண்முன்னே ஏறும். அப்புறம் ஆய்வகத்தில் அந்த நிறத்தின் அடர்த்தியை 562 நானோமீட்டர் ஒளியில் அளக்கலாம். இதே வேலையை வெறும் காய்ச்சி வடித்த நீரிலும் ஒருமுறை செய்து, அந்த அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பழைய பாட்டில்களில் மிச்சம் இருக்கிறதா? கரையிலேயே வடிகட்டியிருந்தால், அதே பாட்டிலுக்குள் அமிலம் விட்டு, படிவை முழுதாகக் கரைத்து மொத்த இரும்பையாவது மீட்டிருக்கலாம். நீங்கள் மறுநாள்தான் வடிகட்டினீர்கள். அதைக் கீழே ஊற்றிவிட்டு, இன்னொரு தடவை அணைக்குப் போக வேண்டியதுதான்.