மாவட்டத்தில் 6 செ.மீ., தோட்டத்தில் தூறல்கூட இல்லை: யார் கணக்கு தப்பு?

அன்னூர்ப் பக்கம் விவசாயம் செய்யும் ஒரு வாசகரின் கேள்வி இது. ஜூலையில் ஒருநாள் கோவை மாவட்டத்தில் சராசரியாக 6 செ.மீ. மழை என்று செய்தியில் பார்த்தாராம், அவர் தோட்டத்தில் மண்கூட நனையவில்லை. இந்தச் சராசரியை எப்படிப் போடுகிறார்கள், நானே அளக்க முடியுமா என்கிறார்.

தப்பு யார் மேலும் இல்லை. அன்னூர் இருக்கும் அதே மாவட்டத்தில்தான் வால்பாறையும் இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று மலையேறும்போதே பாரத்தை இறக்கிவிட்டு உங்கள் பக்கம் வெறும் காற்றாக வந்து சேர்கிறது. ஒரு பேச்சுக்கு, சின்னக்கல்லாரில் 180 மி.மீ., வால்பாறையில் 120, சமவெளியில் மூன்று ஊர்களில் பூஜ்யம் என்று வையுங்கள். கூட்டி ஐந்தால் வகுத்தால் 60 மி.மீ., அதாவது 6 செ.மீ. எந்த ஊரிலும் பெய்யாத மழை!

இதைச் சரிசெய்ய, ஒவ்வொரு மழைமானியும் எவ்வளவு பரப்புக்குப் பொறுப்பு என்று வரைபடத்தில் பிரித்து, அந்தப் பங்கால் பெருக்கிக் கூட்டுவார்கள். இதுதான் தீசன் முறை. மலையின் இரண்டு மானிகளும் சேர்ந்து ஐந்தில் ஒரு பங்கு பரப்புக்குத்தான் என்றால், அதே மழை சுமார் 30 மி.மீ. ஆகிவிடும். மலைப்பகுதிக்கு இதைவிட, ஒரே அளவு மழை பெய்த இடங்களைக் கோட்டால் இணைத்துப் பார்க்கும் சமமழைக்கோட்டு முறை நல்லது, ஆனால் வரைகிறவருக்கு அந்த மலை பழகியிருக்க வேண்டும். எந்த முறையில் போட்டாலும் அது அணைக்கும் ஆற்றுக்கும் உதவும் எண், உங்கள் சோளத்துக்கு இல்லை.

அதனால் நீங்களே அளப்பதுதான் வழி. வாளி வேண்டாம், வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் அளவு ஏமாற்றும். வாய் 16 செ.மீ. விட்டமுள்ள ஒரு புனலை வாங்கிக் குறுகிய வாய்ப் பாட்டிலில் செருகுங்கள், வெயிலில் தண்ணீர் ஆவியாவதும் குறையும். அந்த வாயின் பரப்பு ஏறக்குறைய 200 சதுர செ.மீ., ஆகவே விழுந்த தண்ணீரில் 20 மி.லி.க்கு 1 மி.மீ. மழை. மருந்துக் கடையில் கிடைக்கும் 20 மி.லி. சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்தால், எத்தனை சிரிஞ்சோ அத்தனை மி.மீ., கால்குலேட்டரே வேண்டாம்.

திறந்த இடத்தில், புனலின் விளிம்பு தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி வையுங்கள். நான் முதல் வருடம் தென்னைக்கு அருகே வைத்துவிட்டு, மழை விட்டு ஒரு மணி நேரமாகியும் ஓலையிலிருந்து சொட்டியதையெல்லாம் மழை என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

தினமும் காலை 8.30க்கு அளங்கள், வானிலை ஆய்வுத் துறையின் நேரமும் அதுதான். நேற்றுச் சாயங்காலம் பெய்தது இன்றைய தேதிக் கணக்கில் வரும், செய்தியோடு ஒப்பிடும்போது பலர் குழம்புவது இங்கேதான். மழை இல்லாத நாளுக்கு 0 என்று எழுதுங்கள், அளக்க மறந்த நாளுக்குக் கோடு போடுங்கள்; இரண்டும் ஒன்றல்ல. 2.5 மி.மீ.க்குக் குறைந்தால் அதை மழைநாளாக எண்ணுவதில்லை, ஆனால் மொத்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ரெண்டு மூன்று வருடக் கணக்கை வைத்து ‘எங்கள் ஊர்ச் சராசரி’ என்று சொல்லிவிடாதீர்கள், அதற்குக் குறைந்தது 30 வருடப் பதிவு வேண்டும். அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். 25 மி.மீ. பெய்தால் ஒரு ஏக்கரில் விழுவது ஏறத்தாழ ஒரு லட்சம் லிட்டர். ஒவ்வொரு மழைக்கும் சிரிஞ்ச் கணக்கையும், மண்ணைத் தோண்டி ஈரம் எத்தனை விரற்கடை இறங்கியிருக்கிறது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவாருங்கள். பெரியவர்கள் ‘ஒரு உழவு மழை’ என்பது உங்கள் காட்டில் எத்தனை மி.மீ. என்று ரெண்டு சீசனில் பிடிபட்டுவிடும்.